பச்சையப்பர் விட்டுச்சென்ற அறம்

பிறக்குமுன்பே தந்தையை இழந்த பச்சையப்ப முதலியார் (1754–1794), சென்னையில் துபாஷித் தொழிலால் பெருஞ்செல்வம் ஈட்டினார். மறைவுக்குச் சில நாள் முன்பு, அச்செல்வம் அறப்பணிகளுக்கே உரியதென உயில் எழுதிவைத்தார். ஆயினும் பொறுப்புடன் காப்பார் இன்மையால், அப்பொருள் வழக்குகளில் சிக்கி நெடுங்காலம் பயனற்றுக் கிடந்தது. தலைமை அரசு வழக்கறிஞர் ஜார்ஜ் நார்ட்டனின் முயற்சியால் அன்றைய சென்னை உச்சநீதிமன்றம் தலையிட்டது. அறங்காவலர் குழு அமைந்தது. கோயில் கட்டளைகளுக்குப் போக எஞ்சிய தொகை கல்விக்கென ஒதுக்கப்பெற்றது. அவர் மறைந்து 48 ஆண்டுகளுக்குப் பின், 1842இல், ஏழைச் சிறுவர்க்கான பள்ளி சென்னையில் திறக்கப்பெற்றது. 1889இல் அது கல்லூரியாயிற்று.

கொடுக்கும் உள்ளம் மட்டும் போதாது. கணக்கைக் காக்கும் குழுவும் உடன் வேண்டும். தளி வட்டாரத்து அரசுப் பள்ளிகளுக்கு நிதியம் காண விழைவோர்க்கு அப்பெருமகனார் வரலாறு உணர்த்துவது இதுவே.