மில் தொழிலாளி டூ விக்டோரியா அருவி: யார் இந்த லிவிங்ஸ்டன்?

ஓசூரில் சனிக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் பைக்கை எடுத்துக்கொண்டு தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி வழியாக ஒகேனக்கல் போய் வந்தவர்கள் நிறைய பேர் இருப்பீர்கள். கன்னடம் தெரிந்த நண்பரிடம் கேட்டால் பெயருக்கு அர்த்தம் சொல்வார். ‘ஹொகெ’ என்றால் புகை, ‘கல்’ என்றால் பாறை. சாரல் புகை மாதிரி எழும்புவதால் இந்தப் பெயர்.

ஆப்பிரிக்காவில் ஜாம்பியா, ஜிம்பாப்வே எல்லையில் ஜாம்பசி ஆற்றில் ஓர் அருவி இருக்கிறது. சுமார் 1,700 மீட்டர் அகலம், 108 மீட்டர் உயரம். அங்குள்ள மக்கள் அதற்கு வைத்த பெயர் மோசி-ஓவா-துன்யா, அதாவது ‘இடி முழங்கும் புகை’. ஆனால், நம்ம டிராவல் லிஸ்ட்டில் அது ‘விக்டோரியா அருவி’. அப்படி மாற்றியவர் டேவிட் லிவிங்ஸ்டன்.

10 வயதில் மில் வேலை

1813-ல் ஸ்காட்லாந்தின் பிளான்டயரில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். 10 வயதிலேயே பஞ்சாலைக்கு அனுப்பப்பட்டார். காலை 6 மணி முதல் இரவு 8 மணி வரை வேலை. முதல் சம்பளத்தில் லத்தீன் இலக்கணப் புத்தகம் வாங்கினார். நூற்பு இயந்திரத்தின் மேல் புத்தகத்தை வைத்து, ஓடிக்கொண்டே படித்தார். வேலை முடிந்து இரவுப் பள்ளி. இப்படியே டாக்டரானார். சீனாவுக்குப் போகத்தான் ஆசை. அபினிப் போர் குறுக்கே வந்ததால், மதப் பிரசாரகராக 1841-ல் தென்னாப்பிரிக்கா போய்ச் சேர்ந்தார். அங்கே ஒரு சிங்கம் கடித்ததில் இடது கை கடைசிவரை சரியாகவே இல்லை.

அருவியைக் காட்டியது யார்?

இந்த அருவியைப் பற்றி 1851-லேயே மகோலோலோ மக்கள் அவரிடம் சொல்லிவிட்டார்கள். 1855 நவம்பர் 16-ல் அவரைக் கூட்டிப்போனதும் அவர்கள்தான். பல கிலோமீட்டர் தள்ளியே புகைத் தூண்கள் தெரிந்தன. நீரோட்டம் தெரிந்த உள்ளூர் படகோட்டிகள், சிறிய தோணியில் அருவியின் விளிம்பில் இருக்கும் தீவில் அவரை இறக்கிவிட்டார்கள். நவம்பரில் தண்ணீர் குறைவு என்பதால்தான் இது முடிந்தது. குப்புறப் படுத்து பள்ளத்தை எட்டிப் பார்த்தவர், தன் நாட்டு ராணியின் பெயரைச் சூட்டினார். உயரத்தை அப்போது ரொம்பக் குறைத்து மதிப்பிட்டுவிட்டார். 1860-ல் திரும்பி வந்து, கயிறு இறக்கி அளந்தபோதுதான் சரியான கணக்கு கிடைத்தது.

1856-ல் இந்தியப் பெருங்கடல் கரையை அடைந்தபோது, ஆப்பிரிக்காவை ஒரு கரையிலிருந்து மறு கரைவரை கடந்த முதல் ஐரோப்பியர்களில் ஒருவராகப் புகழ்பெற்றார். அடுத்த பயணம் தோல்வி. ஜாம்பசியில் கப்பல் விடும் திட்டத்தை கபோரா பாசா பாறைகள் தடுத்தன. 1862-ல் மனைவி மேரி காய்ச்சலில் இறந்தார்.

பம்பாய் வந்த கதை

1864-ல் தன் சிறிய நீராவிக் கப்பலை விற்பதற்காக, அவரே ஓட்டிக்கொண்டு இந்தியப் பெருங்கடலைக் கடந்து பம்பாய் வந்தார். கூட வந்தவர்களில் ஒருவர், அடிமை வியாபாரிகளிடமிருந்து மீட்கப்பட்ட சூமா என்ற சிறுவர்.

1866-ல் நைல் நதியின் மூலத்தைத் தேடிப் போன லிவிங்ஸ்டன், 1873 மே 1-ல் இன்றைய ஜாம்பியாவில் இறந்தார். சூமா, சூசி இருவரும் தோழர்களோடு சேர்ந்து, அவர் இதயத்தை அங்கேயே ஒரு மரத்தடியில் புதைத்தார்கள். உடலை வெயிலில் உலர்த்திப் பதப்படுத்தி, 1,500 கி.மீ.க்கு மேல் சுமந்து கடற்கரை சேர்த்தார்கள். 1874 ஏப்ரல் 18-ல் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அடக்கம் நடந்தது. சுமந்து வந்தவர்களில் அதில் பங்கேற்றவர் நம் நாசிக்கில் படித்த ஜேக்கப் வெயின்ரைட் மட்டுமே. சூமாவும் சூசியும் இங்கிலாந்து அழைத்துவரப்பட்டபோது எல்லாம் முடிந்திருந்தது.

அப்போ, கண்டுபிடித்தது யார்?

பார்த்ததை எழுதி, அளந்து, உலகத்துக்குச் சொன்ன பெருமை லிவிங்ஸ்டனுடையது. கண்டுபிடித்தார் என்று மட்டும் சொல்ல முடியாது, காட்டினார்கள், பார்த்தார். 1989-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இந்த அருவி சேர்ந்தபோது, மோசி-ஓவா-துன்யா, விக்டோரியா என இரண்டு பெயர்களும் இடம்பெற்றன.

பேக்பேக்கோடு போகத் திட்டமா? ஏப்ரல் வாக்கில் தண்ணீர் உச்சத்தில் இருக்கும். ஆனால், சாரலே அருவியை மறைத்துவிடும். விளிம்புத் தீவில் கால் வைக்க வேண்டுமென்றால், லிவிங்ஸ்டன் மாதிரி தண்ணீர் குறைந்த மாதங்களில் போகணும். அப்போதும் படகை ஓட்டப்போவது உள்ளூர்க்காரர்தான். அவரிடம் அருவியின் பழைய பெயரைச் சொல்லிப் பாருங்கள். கூடவே, நம்ம ஊர் ‘புகையும் பாறை’ பற்றியும் சொல்லுங்கள்.