டீசல் என்பது ஒரு மனிதரின் பெயர்

முதலில் ஒரு தப்பை ஒத்துக்கொண்டு விடுகிறேன். போன வருஷம் ஆகஸ்ட் 10, உலக உயிரி எரிபொருள் தினத்துக்கு நம்ம டிபார்ட்மென்ட் நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்த சார்ட்டை எழுதியவன் நான்தான். பச்சை ஸ்கெட்ச் பேனாவில், கொட்டை எழுத்தில், 1893-ஆம் ஆண்டு இதே நாளில் ருடால்ஃப் டீசல் தன் என்ஜினைக் கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டினார் என்று எழுதியிருந்தேன். மூன்று நாள் போர்டில் தொங்கியது. ஒருத்தரும் தப்பு என்று சொல்லவில்லை. எப்படிச் சொல்வார்கள்? அதற்கு முந்தின வருஷ சார்ட்டிலும் அதேதான் இருந்தது. அதைப் பார்த்துத்தான் நானே எழுதினேன்!

செமஸ்டர் லீவில் அந்த மனிதரின் வாழ்க்கையைத் தேடிப் படித்தபோதுதான் விஷயம் புரிந்தது. அன்றைக்கு அந்த என்ஜின் சொந்தமாக ஓடவே இல்லை. உள்ளே போனது கடலை எண்ணெயும் இல்லை, பெட்ரோல். நடந்தது ஒரு வெடி. கடலை எண்ணெய்க் கதை வேறு இடத்தில், வேறு வருஷத்தில், வேறு ஆட்கள் கையால் நடந்தது. தப்பாக எழுதினதுக்குப் பரிகாரமாக இந்தக் கட்டுரை.

ருடால்ஃப் டீசல் 1858 மார்ச் 18-ஆம் தேதி பாரிஸ் நகரத்தில் பிறந்தார். அப்பா, அம்மா இருவரும் ஜெர்மனியின் பவேரியாப் பகுதியிலிருந்து பிழைப்புக்காக வந்தவர்கள். அப்பாவுக்குத் தோல் சாமான்கள் செய்கிற வேலை. செய்த சாமானைத் தள்ளுவண்டியில் வைத்து வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பது பையனின் வேலை. 1870-இல் பிரான்ஸுக்கும் பிரஷ்யாவுக்கும் சண்டை மூண்டது. பாரிஸில் ஜெர்மன்காரர்கள் இருக்க முடியாத நிலை. குடும்பம் லண்டனுக்கு ஓடியது. அங்கேயும் கஷ்டம்தான். 12 வயசுப் பையனைத் தனியாக ஆக்ஸ்பர்க் நகரத்துச் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த வீட்டுக்காரர் கணக்கு வாத்தியார். 14 வயசில் பையன் பெற்றோருக்குக் கடிதம் போட்டான்: தான் என்ஜினியர் ஆகப் போவதாக.

பிறகு மியூனிக் தொழில்நுட்பக் கல்லூரி, ஸ்காலர்ஷிப்பில். அங்கே அவருக்கு வாய்த்த ஆசிரியர் கார்ல் வான் லிண்டே. குளிர்சாதன இயந்திரத்தில் பெரிய பெயர். நம்ம ரெஃப்ரிஜரேஷன் பாடத்திலும் வருகிறவர். ஒரு நாள் வகுப்பில் லிண்டே, நீராவி என்ஜின் தனக்குக் கிடைக்கிற வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட ஒழுங்காக வேலையாக மாற்றுவதில்லை என்று விளக்கினார். மீதியெல்லாம் புகைபோக்கி வழியாகவும் கன்டென்சர் வழியாகவும் போய்விடுகிறது. நாமும் இதைக் கேட்டிருக்கிறோம். கேட்டுவிட்டு அடுத்த பீரியட் கேன்டீனுக்குப் போயிருக்கிறோம். இவர் நோட்டு ஓரத்தில் ஒரு குறிப்பு எழுதி வைத்தார். கார்னோ சைக்கிளை நிஜ என்ஜினில் கொண்டுவர முடியுமா என்பதுதான் விஷயம். அடுத்த பதினைந்து வருஷம் அந்தக் குறிப்பு அவரை விடவில்லை.

1879-இல் கடைசிப் பரீட்சை சமயத்தில் டைஃபாய்டு. நம்ம பாஷையில் சொன்னால் ஆப்சென்ட்! அடுத்த பரீட்சை வரும்வரை சும்மா இருக்காமல் சுவிட்சர்லாந்தில் விண்டர்தூர் நகரத்து சுல்ஸர் தொழிற்சாலையில் போய் வேலை பழகினார். நாம் போகிற இன்பிளான்ட் டிரெய்னிங் மாதிரிதான், ஆனால் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஓடி வருகிற டிரெய்னிங் இல்லை. 1880 ஜனவரியில் பரீட்சை எழுதி மிக உயர்ந்த மதிப்பெண்ணோடு தேறினார்.

லிண்டே தன் கம்பெனியிலேயே பாரிஸில் வேலை கொடுத்தார். ஐஸ் மிஷின் வேலை. 1883-இல் மார்த்தாவைக் கல்யாணம் செய்துகொண்டார், மூன்று குழந்தைகள். பகலில் ஐஸ், ராத்திரியில் என்ஜின். நீராவிக்குப் பதில் அம்மோனியா ஆவியை வைத்துப் பல வருஷம் முட்டிப் பார்த்தார், சரிவரவில்லை. கடைசியில் பிடித்த யோசனை எளிமையானது. காற்றை மட்டும் சிலிண்டரில் மிகப் பலமாக அழுத்து. அழுத்தின காற்று தானே சூடேறும். அந்தச் சூட்டில் எரிபொருளை விட்டால் ஸ்பார்க் பிளக் இல்லாமலே பற்றிக்கொள்ளும். சைக்கிள் பம்ப் அடிக்கும்போது அடிப்பக்கம் சுடுகிறதே, அதே சமாச்சாரம்.

1892 பிப்ரவரியில் விண்ணப்பம் போட்டு 1893-இல் காப்புரிமை வாங்கினார். காகிதத்தில் அவர் போட்ட கணக்கு 250 அட்மாஸ்ஃபியர் அழுத்தம்! அந்தக் காலத்து வார்ப்பிரும்பு எங்கே தாங்கும்? நிபுணர்கள் சிரித்தார்கள். அவரே பிறகு அதைக் கைவிட்டு, அழுத்தத்தை வெகுவாகக் குறைத்து, மாறா அழுத்தத்தில் எரிகிற முறைக்கு வந்து சேர்ந்தார். நம்ம தெர்மல் பேப்பரில் டீசல் சைக்கிள் என்று பி-வி டயக்ராம் போடுகிறோமே, மேலே நேர்க்கோடாக வருகிற அந்தப் பகுதி அவருடைய முதல் கனவு இல்லை, இறங்கி வந்து ஒத்துக்கொண்ட சமரசம். இதனாலேயே பின்னாளில் எதிரிகள், ஓடுகிற என்ஜின் வேறு, காப்புரிமையில் எழுதிய என்ஜின் வேறு என்று அவரைத் துளைத்தெடுத்தார்கள்.

ஆக்ஸ்பர்க் இயந்திரத் தொழிற்சாலையும் குருப் கம்பெனியும் செலவை ஏற்றன. இப்போது வருகிறது நம்ம ஆகஸ்ட் 10, 1893. என்ஜினை வெளியிலிருந்து பெல்ட் போட்டுச் சுற்ற வைத்து, பெட்ரோலை உள்ளே செலுத்தினார்கள். பெரும் சத்தம்! அழுத்தம் அளக்கிற இண்டிகேட்டர் சிதறிப் பறந்தது. நல்ல வேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வேறு யாராவது இருந்தால் அன்றைக்கே மூட்டை கட்டியிருப்பார்கள். டீசலுக்குச் சந்தோஷம். ஏன் தெரியுமா? பற்றிக்கொண்டது! ஸ்பார்க் இல்லாமல், வெறும் அழுத்தத்தில் எரிபொருள் பற்றும் என்பது நிரூபணம் ஆகிவிட்டது.

1894 பிப்ரவரி 17. அன்றும் பெல்ட் போட்டுத்தான் சுற்றிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் நின்ற தொழிலாளி ஒருவர்தான் முதலில் கவனித்தார்: பெல்ட் இப்போது என்ஜினை இழுக்கவில்லை, என்ஜின்தான் பெல்ட்டை இழுக்கிறது! தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி மரியாதை செய்தாராம். நிமிஷத்துக்கு 88 சுற்று, மொத்தம் ஒரு நிமிஷம். அவ்வளவுதான். பெல்ட் டென்ஷன் பார்த்து விஷயத்தைப் பிடித்த அந்தத் தொழிலாளியை எனக்கு ரொம்பப் பிடித்துப் போயிற்று.

இன்னும் மூன்று வருஷம் பாடு. 1897 பிப்ரவரியில் மியூனிக் பேராசிரியர் மோரிட்ஸ் ஷ்ரோட்டர் வந்து முறைப்படி டெஸ்ட் செய்தார். கிட்டத்தட்ட 20 குதிரைசக்தி, மூன்று மீட்டர் உயரம். திறன் 26.2 சதவீதம்! நல்ல நீராவி என்ஜினைப் போல இரண்டு மடங்குக்கு மேல். அந்த என்ஜின் மியூனிக் ஜெர்மன் மியூசியத்தில் இருக்கிறது.

பணம் கொட்டியது. அமெரிக்க உரிமைக்கு மட்டும் பீர் வியாபாரி அடால்ஃபஸ் புஷ் பத்து லட்சம் மார்க் கொடுத்தார். ஆனால் டீசல் நினைத்தது வேறு. பெரிய முதலாளிகளின் பெரிய நீராவி என்ஜினுக்கு எதிரே, சின்னப் பட்டறைக்காரனும் நெசவுக்காரனும் வைத்துப் பிழைக்கிற மாதிரி சிக்கனமான என்ஜின் வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. தள்ளுவண்டி தள்ளிய பையன் அல்லவா. 1903-இல் தொழிலாளிகள் கூட்டாக முதலாளி ஆவது பற்றி ஒரு புத்தகமே எழுதினார். வாங்க ஆளில்லை. என்ஜின் முதலில் போனதும் பெரிய ஆலைக்கும், கப்பலுக்கும், நீர்மூழ்கிக்கும்தான்.

இப்போது கடலை எண்ணெய்க்கு வருவோம். 1900, பாரிஸ் உலகக் கண்காட்சி. டீசல் என்ஜினுக்கு அங்கே பெரிய பரிசு கிடைத்தது. அதே கண்காட்சியில் பிரெஞ்சு ஓட்டோ கம்பெனி ஒரு சின்ன டீசல் என்ஜினை நிலக்கடலை எண்ணெயில் ஓட விட்டது. கேட்டது பிரெஞ்சு அரசாங்கம். அவர்களுடைய ஆப்பிரிக்கக் காலனிகளில் கடலை ஏராளம். நிலக்கரியையோ பெட்ரோலியத்தையோ கப்பலில் ஏற்றாமல் அங்கேயே விளைவதை வைத்து மிஷின் ஓட்டலாமே என்ற கணக்கு. என்ஜினில் ஒரு நட்டைக்கூட மாற்றவில்லை. பெட்ரோலிய எண்ணெய்க்குச் செய்த என்ஜின் சத்தமில்லாமல் கடலை எண்ணெயில் ஓடியது. வேடிக்கை பார்க்க வந்தவர்களில் மிகச் சிலருக்குத்தான் வித்தியாசமே தெரிந்தது. இதை உலகத்துக்குச் சொன்னவர் டீசல்தான், ஓட்டியவர் அவர் இல்லை. பிறகு அவரும் சோதனை செய்து அதை உறுதிசெய்தார். ரஷ்யாவில் விளக்கெண்ணெயிலும் மிருகக் கொழுப்பு எண்ணெயிலும் நடந்த சோதனைகளையும் கவனித்து வைத்திருந்தார்.

1912-இல் லண்டனில் மெக்கானிக்கல் என்ஜினியர்கள் சங்கத்துக்கு வாசித்த கட்டுரையில் இதையெல்லாம் சொன்னார். தாவர எண்ணெய் அன்றைக்குப் பெரிய விஷயமாகத் தெரியாவிட்டாலும் ஒரு காலத்தில் பெட்ரோலியத்துக்குச் சமமாக வரலாம் என்பது அவர் கருத்து. பூமிக்கடியில் இருப்பது தீர்ந்தாலும் வெயில் தீராது என்பது அவருடைய தைரியம்.

இங்கே ஒன்று கவனிக்க வேண்டும். வேதிவாயு, புவி வெப்பம் என்ற கவலை எதுவும் டீசலுக்கு இல்லை. 1896-இல், இவர் மூன்றாவது என்ஜினோடு மல்லாடிக்கொண்டிருந்த அதே வருஷம், ஸ்வீடன் நாட்டு அர்ரீனியஸ் காற்றில் கார்பன் டை ஆக்சைடு கூடினால் பூமி எவ்வளவு சூடாகும் என்று கணக்குப் போட்டு வெளியிட்டார். ஒருவர் கணக்கு மற்றவர் கவலைக்குள் வரவேயில்லை. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு. பல கோடி வருஷம் மண்ணுக்குள் கிடந்த கார்பன் அது. செடியிலிருந்து வந்த எண்ணெய் எரிந்தாலும் புகை வரத்தான் செய்யும். ஆனால் அந்தக் கார்பன் போன போகத்தில் செடி காற்றிலிருந்து எடுத்தது. வித்தியாசம் அங்கேதான்.

வெளியே புகழ், உள்ளே கடன். நிலத்திலும் எண்ணெய்க் கிணற்றிலும் போட்ட பணம் போயிடுச்சு. காப்புரிமைக் காலமும் முடிந்தது. தீராத தலைவலி, வழக்கு, மியூனிக்கில் அரண்மனை மாதிரி வீடு. 1913 செப்டம்பர் 29 மாலை, ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் டிரெஸ்டன் என்ற கப்பலில் இங்கிலாந்துக்கு ஏறினார். ராத்திரிச் சாப்பாடு முடித்து, காலை ஆறே காலுக்கு எழுப்பச் சொல்லிவிட்டு அறைக்குப் போனார். காலையில் அறையில் ஆள் இல்லை. படுக்கை கலையவில்லை. கப்பலின் பின்தளத்தில் தொப்பியும் மடித்து வைத்த ஓவர்கோட்டும் இருந்தன. சில நாள் கழித்து டச்சுப் படகுக்காரர்கள் கடலில் ஓர் உடலைக் கண்டு, பையிலிருந்த சாமான்களை மட்டும் எடுத்துக்கொண்டு உடலைக் கடலிலேயே விட்டுவிட்டார்கள். கண்ணாடிக் கூட்டையும் பேனாக்கத்தியையும் பார்த்து மகன் அடையாளம் சொன்னார். கொலை என்றும், ஒற்றர் வேலை என்றும் எத்தனையோ கதை. டைரியில் அந்தத் தேதிக்கு அவர் ஒரு சிலுவைக் குறி போட்டு வைத்திருந்தார். அவருக்கு வயது 55.

அவர் போனபின் என்ஜின் சின்னதாயிற்று. 1920-களில் நல்ல எரிபொருள் பம்ப் வந்ததும் லாரியில் ஏறியது, 1936-இல் காரிலும் ஏறியது. ஆனால் மலிவான பெட்ரோலிய டீசலுக்கென்றே நுண்மையாகச் செதுக்கப்பட்ட இன்ஜெக்டருக்குக் கடலை எண்ணெய் ஒத்துவராது. எண்ணெயின் பிசுபிசுப்பு டீசலைப் போலப் பத்து மடங்கு. நாசில் கரி பிடிக்கும், பிஸ்டன் ரிங் ஒட்டிக்கொள்ளும். இதற்கு வழி கண்டவர் பெல்ஜியத்தின் ஷவான். பாமாயிலை ஆல்கஹாலோடு வினைபுரியச் செய்து கிளிசரினைப் பிரித்தெடுத்தால் மிஞ்சுவது நீர்த்த எஸ்டர். 1937-இல் அதற்குக் காப்புரிமை. 1938-இல் பிரஸ்ஸல்ஸ் - லூவன் பஸ் அதில் ஓடியது. இன்றைய பயோடீசலின் தாத்தா அந்த பஸ்தான்.

இந்த வினையை நாங்கள் நாலு பேர் புராஜெக்டுக்காகப் புங்க எண்ணெயில் செய்து பார்த்தோம். மெத்தனால், காஸ்டிக் சோடா, 60 டிகிரி சூடு. எஸ்டர் மேலே, கிளிசரின் கீழே என்று இரண்டு அடுக்கு வர வேண்டும். வந்தது ஒரு பக்கெட் சோப்பு! எண்ணெயில் அமிலம் அதிகம் என்பதை முதலில் டைட்ரேஷன் செய்து பார்க்கவில்லை. கெமிஸ்ட்ரி சார் திட்டின திட்டு இருக்கிறதே... முதலில் சல்ஃப்யூரிக் அமிலம் போட்டு ஒரு சுற்று, பிறகு காஸ்டிக் என்று இரண்டாவது முறைதான் சரியாக வந்தது. டீசலுடன் 20 சதவீதம் கலந்து லேபில் ஓட்டினோம். ஓடியது, அதே லோடுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் குடித்தது.

எண்ணெய் எங்கிருந்து வரும் என்பதுதான் பெரிய தலைவலி. காட்டாமணக்கை நட்டு 2011-12-க்குள் டீசலில் 20 சதவீதம் கலக்கலாம் என்று 2003-இல் திட்டக் கமிஷன் குழு சொன்னது. தண்ணீர் இல்லாத தரிசில் செடி உயிர் பிழைக்கும், காய் காய்க்காது என்று விவசாயிகள் அனுபவத்தில் கண்டார்கள். 2018 கொள்கையில் இலக்கு 2030-க்குள் 5 சதவீதம் என்று இறங்கியது. ஹோட்டல்களில் பொரித்து மிஞ்சின எண்ணெயும் கணக்கில் சேர்ந்தது. இந்தோனேசியாவில் சதுப்புக் காட்டை வெட்டிப் பனை எண்ணெய் வைத்தால் மண்ணிலிருந்தே அவ்வளவு கார்பன் கிளம்புகிறது, மிச்சம் பிடித்ததெல்லாம் போய்விடும். செடி எண்ணெய் என்பதாலேயே சுத்தம் என்று சொல்லிவிட முடியாது. எந்த மண்ணில் விளைந்தது என்று கேட்க வேண்டியிருக்கிறது.

அடுத்த ஆகஸ்ட் 10-க்கு சார்ட் எழுதப் போகிற இரண்டாம் வருஷத் தம்பி தங்கைகளுக்கு: பச்சை ஸ்கெட்ச் பேனா டிராயிங் ஹால் அலமாரியில் இருக்கிறது. 1893 என்று போட்டுப் பெட்ரோல், வெடி என்று எழுதுங்கள். 1900-க்கு நேரே கடலை எண்ணெய், ஓட்டோ கம்பெனி. இடம் மிச்சம் இருந்தால் அந்த பிரஸ்ஸல்ஸ் பஸ்ஸையும் வரைந்து விடுங்கள்.