ஆம்பூரில் விழுந்த நவாப்

ஆம்பூர் என்றால் பிரியாணி, ஷூ கம்பெனி என்போம். எனக்கு நவாப் அன்வருத்தீன்கானும் ஞாபகத்துக்கு வருவார்.

வடக்கே கோபாமவு என்ற ஊரில் பிறந்தவர். ஹைதராபாத் நிஜாமிடம் வேலை பார்த்து, 1744-இல் ஆற்காட்டு நவாப் ஆனார். பழைய நவாப்களின் நவாயத் குடும்பத்தாருக்கு இது பிடிக்கவில்லை. இரண்டு தரப்பும் ஒரே மதம்தான். ஆனாலும் நீயா நானா என்று பகை வளர்ந்தது.

1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள். நவாபிடம் தருவதாகச் சொல்லி ஏமாற்றிவிட்டார்கள். அவர் மகன் மாபூஸ்கான் பெரிய படையோடு போனார். அடையாற்றங்கரையில் சின்ன பிரெஞ்சுப் படை அதை ஓட ஓட விரட்டியது. அன்றைக்கே வெளிநாட்டுத் துப்பாக்கியின் பலம் எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு. பதவி ஆசை பிடித்தவர்கள் அதைத் தேடி ஓடினார்கள்.

நவாயத் தரப்பு சந்தாசாகிப் பிரெஞ்சுப் படையைக் கூட்டி வந்தார். 1749 ஆகஸ்ட் 3-ஆம் தேதி ஆம்பூரில் போர். எழுபதைத் தாண்டிய அன்வருத்தீன் யானை மேலிருந்தே குண்டடிபட்டு இறந்தார். மாபூஸ்கான் பிடிபட்டார். இன்னொரு மகன் முகமது அலி திருச்சிக்குத் தப்பி, ஆங்கிலேயரின் உதவியைக் கேட்டார்.

1752-இல் சந்தாசாகிப்பும் கொல்லப்பட்டார். ஜெயித்த முகமது அலி கடனில் மூழ்கினார். 1801-இல் ஆட்சியே கம்பெனி கைக்குப் போச்சு.

ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம். இங்கே கூத்தாடி துப்பாக்கியோடு வந்தான், திரும்பிப் போகவே இல்லை. மாதனூரில் ஆம்பூர் பஸ் ஏறும்போது இந்தப் பெரியவரையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.