டொரண்டோவில் ஒரு பயிற்சி வீரர்: வில்லியம் ஃபாக்னரும் விடுதலையின் வேகமும்

முதலாம் உலகப் போர் இறுதிக் கட்டத்தை எட்டியிருந்த 1918ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், 20 வயது இளைஞர் ஒருவர் பிரிட்டனின் அரச விமானப்படையில் பயிற்சி வீரராகச் சேர்ந்து டொரண்டோ வந்தடைந்தார். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தவரான அவர், இங்கிலாந்தில் பிறந்தவர் என்று ஆவணங்களில் பதிந்திருந்தார். குடும்பப் பெயரிலும் ஓர் எழுத்தைக் கூட்டிக்கொண்டார். பின்னாளில் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்ற வில்லியம் ஃபாக்னரே அவர்.

லாங் பிராஞ்ச் முகாமிலும் டொரண்டோ பல்கலைக்கழகத்திலும் அவருக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது. பயிற்சி முடிவதற்குள் நவம்பர் 11ஆம் தேதி போர் முடிந்தது. எனினும், அதிகாரியின் சீருடையில் ஊர் திரும்பிய அவர், விமான விபத்தில் காயமடைந்ததாகக் கூறிக்கொண்டு, கால் தாங்கி நடந்தார். அவர் போரில் விமானம் ஓட்டியதே இல்லை என்பதை ஆய்வாளர்கள் பின்னர் நிறுவினர்.

இதன் பின்னணியில் இருந்தது குடும்பப் பெருமை. அவரது கொள்ளுத்தாத்தா அடிமைகளை வைத்திருந்தவர். உள்நாட்டுப் போரில் தென் மாநிலங்களின் சார்பில் போரிட்ட கர்னல். தம்பி ஜாக் 1918இல் பிரான்ஸ் போர்முனையில் காயமுற்றார். டொரண்டோவிலிருந்து பெற்றோருக்கு அவர் எழுதிய கடிதங்கள் 1992இல் நூலாக வெளிவந்தன. வீட்டு ஏக்கமும், வீரனாக மதிக்கப்பட வேண்டும் என்ற ஆவலும் அவற்றில் வெளிப்படுகின்றன. தென் மாநிலங்களிலிருந்து தப்பிய அடிமைகள் ஒரு காலத்தில் அடைக்கலம் தேடிய நகரம் டொரண்டோ என்பது குறிப்பிடத்தக்கது.

அடிமை முறை விட்டுச் சென்ற குற்றச் சுமையே பின்னர் அவரது நாவல்களின் அடித்தளமாயிற்று. 1942இல் வெளியான நூலொன்றை, அடிமையாகப் பிறந்து, தன்னை வளர்த்த கரோலின் பார் என்ற கறுப்பினப் பெண்மணிக்கு அவர் காணிக்கையாக்கினார்.

இரண்டாம் உலகப் போரின்போது அவரது கருத்துகள் மேலும் கூர்மையடைந்தன. 1943 ஜூலையில் மனைவியின் மகனுக்கு அவர் எழுதிய கடிதம் இதற்குச் சான்று. கறுப்பின விமானிகளின் படைப்பிரிவு மத்திய தரைக்கடல் பகுதியில் நாட்டுக்காகப் போரிடும் வேளையில், டெட்ராய்ட் நகரில் கறுப்பின மக்கள் கொல்லப்பட்டதை அதில் சுட்டிக்காட்டினார். அந்த ஜூன் மாதக் கலவரத்தில் இறந்த 34 பேரில் 25 பேர் கறுப்பினத்தவர். சுதந்திரம் பற்றிப் பேசும் அரசியல்வாதிகள் அதைச் செயலில் காட்டாவிட்டால், போரில் இறந்தோரின் உயிர்த்தியாகம் வீணாகிவிடும் என்பது அவரது கருத்தாக இருந்தது.

ஆனால் அமைதிக் காலத்தில் நிலைமை மாறியது. பள்ளிகளில் இன அடிப்படையிலான பிரிவினை சட்டவிரோதமானது என 1954இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஃபாக்னர் பிரிவினையை எதிர்த்தார். அதற்காக வெள்ளையரின் மிரட்டல்களுக்கும் ஆளானார். உடன்பிறந்த தம்பி ஜானே அவருக்கு எதிர்நிலையில் இருந்தார். எனினும், இரத்தம் சிந்தப்படும் என்று அஞ்சிய அவர், நிதானமாகச் செல்லுமாறு சமத்துவம் கோருவோருக்கு 1956இல் லைஃப் இதழில் அறிவுரை கூறினார். தெற்கு தானாக மாறும் என்பதற்கு ஆதாரம் எங்கே என்று கறுப்பின எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வின் கடுமையாக வினவினார். டபிள்யூ. இ. பி. டுபாய்ஸ் விடுத்த விவாத அழைப்பை ஃபாக்னர் ஏற்கவில்லை.

இந்த முரண்பாட்டைக் கோழைத்தனம் என்று மட்டும் ஒதுக்கிவிட முடியாது. அநீதியை அறிந்திருந்தும், அதைச் செய்வோர் தம் சொந்த உறவினராக இருக்கையில், காலம் கனியட்டும் என்று கூறுவது மனித இயல்பு. 1968இல் யாழ்ப்பாணத்தின் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலில், சாதியின் பெயரால் ஒடுக்கப்பட்டோர் ஆலயப் பிரவேசம் கோரி நின்றபோது எழுந்த வாதங்களை அறிந்த தமிழருக்கு இது புதிதல்ல. ஆனால், பொறுமையின் விலையைச் செலுத்துபவர் ஒருவர், பொறுமையை உபதேசிப்பவர் வேறொருவர் என்பதே இதிலுள்ள சிக்கல்.

ஃபாக்னர் 1962 ஜூலை 6ஆம் தேதி காலமானார். மூன்று மாதங்களுக்குள், அவரது ஊரான ஆக்ஸ்ஃபோர்டில் உள்ள மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் மெரிடித் என்ற கறுப்பின மாணவர் சேரச் சென்றபோது கலவரம் வெடித்தது. இருவர் உயிரிழந்தனர், மத்திய அரசு இராணுவத்தை அனுப்ப நேர்ந்தது.

மெரிடித் அமெரிக்க விமானப்படையில் ஒன்பது ஆண்டுகள் பணியாற்றியவர். போர்க்களத்தையே காணாத ஃபாக்னரோ, உயர்நிலைப் பள்ளிக் கல்வியை முடிக்காத நிலையிலும், போரிலிருந்து திரும்பியவர்களுக்கான சலுகையில் 1919இல் அதே பல்கலைக்கழகத்தில் இடம் பெற்றவர். சீருடை அணிந்தோருக்குச் சுதந்திரத்தில் பங்கு உண்டா என்று 1943இல் அவர் எழுப்பிய கேள்விக்கு, அவரது சொந்த ஊர் அளித்த பதில் அதுவாகவே இருந்தது.