ஜவ்வாது மலையில் நட்சத்திரங்களை அளந்தவர்

விளக்கு ஒரு கணம் மங்குகிறது. உடனே மறுபடியும் பளிச்சென்று எரிகிறது. வீட்டில் இப்படி நடந்தால் யாரும் கவலைப்படமாட்டார்கள்.

நட்சத்திர ஒளியை அளக்கும் கருவியில் இப்படி நடந்தால்? மங்கியது நட்சத்திரமா, மின்சாரமா என்று தெரியாமல் போய்விடும்! வானத்தில் நடக்காத ஒன்றை, நடந்ததாக உலகுக்குச் சொல்ல நேரிடும்.

இத்தனை நுட்பமான வேலைக்கு ஜவ்வாது மலையில் இடம் தேடித் தந்தவர், விஞ்ஞானி வைணு பாப்பு.

வால் நட்சத்திரம்

பாப்பு 1927-ம் ஆண்டு சென்னையில் பிறந்தார். தந்தை ஐதராபாத்தில் உள்ள நிஜாமியா வான ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தார். அதனால் சிறு வயதிலேயே தொலைநோக்கி அவருக்குப் பழகிப்போயிற்று.

மேல் படிப்புக்காக அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். 1949-ல் அங்கே ஒரு புதிய வால் நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். அதன் பெயரில் அவர் பெயரும் சேர்ந்தது.

தாய்நாடு திரும்பிய பாப்பு, 1960-ல் கொடைக்கானல் வான ஆராய்ச்சி நிலையத்தின் தலைவரானார். சூரியனை ஆராய்வதில் பேர்பெற்ற இடம் அது. ஆனால் இரவில் நட்சத்திரங்களை ஆராய வேறு இடம் தேவைப்பட்டது.

தேடினார். திருப்பத்தூர் பகுதியில், ஜவ்வாது மலையில் உள்ள காவலூர் கிடைத்தது. உயரம் சுமார் 2,400 அடி. சுற்றிலும் காடு. நகரத்து வெளிச்சம் இல்லை. 1968-ல் அங்கே 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி வேலை செய்யத் தொடங்கியது. 1972-ல் 1 மீட்டர் தொலைநோக்கியும் வந்தது.

பால் காய்ச்சும் தாய்

தொலைநோக்கி வழியே வரும் ஒளியை அளக்க அந்நாளில் ஒரு கண்ணாடிக் குழாயைப் பயன்படுத்தினார்கள். அதில் விழும் ஒளி மின்சாரமாக மாறி, லட்சக்கணக்கான மடங்கு பெருகும்.

இத்தகைய குழாய்க்கு ஏறக்குறைய 1,000 வோல்ட் மின்சாரம் வேண்டும். அதில் 10 வோல்ட் குறைந்தாலே போதும், கருவி காட்டும் அளவு சுமார் 7 சதவீதம் குறைந்துவிடும்!

இதைத் தடுப்பது எப்படி?

அடுப்பில் பால் காய்ச்சும் தாயைப் பாருங்கள். கண் பாலின் மேல். கை விறகின் மேல். பால் பொங்கினால் விறகை வெளியே இழுக்கிறாள். அடங்கினால் உள்ளே தள்ளுகிறாள்.

மின்சாரம் கொடுக்கும் கருவிக்குள்ளும் இதே வேலை நடக்கிறது. அதைச் செய்வதுதான் பின்னூட்டச் சுற்று. வெளியே போகும் வோல்ட்டில் ஒரு சிறு பங்கை அது திருப்பிக் கொண்டுவரும். மாறாத ஓர் அளவுடன் ஒப்பிட்டுப் பார்க்கும். குறைந்திருந்தால் கூட்டும், கூடியிருந்தால் குறைக்கும். எல்லாம் கண் இமைக்கும் நேரத்துக்குள்!

கரண்ட் அளவுக்கு மீறிப் பாய்ந்தால் இன்னொரு சுற்று அதைக் கண்டுகொள்ளும். உடனே வோல்ட்டைத் தாழ்த்தும். கருவி தப்பிக்கும்.

சில விநாடிகள்

1977 மார்ச் 10-ந்தேதி. யுரேனஸ் கிரகம் ஒரு நட்சத்திரத்தை நெருங்கிக் கொண்டிருந்தது. கிரகம் மறைக்காத நேரத்தில், நட்சத்திர ஒளி சில விநாடிகள் மங்கி மீண்டது. காவலூர் விஞ்ஞானிகள் அதைப் பதிவு செய்தார்கள்.

கருவியின் கோளாறா? இல்லை. இந்துமாக்கடலின் மேல் பறந்த அமெரிக்க ஆராய்ச்சி விமானத்திலும் அதே நட்சத்திரம் மங்கியது பதிவாயிற்று.

அது ஒரு சிறு சந்திரன் என்று காவலூரில் முதலில் நினைத்தார்கள். எல்லா இடத்துக் கணக்குகளையும் சேர்த்துப் பார்த்தபோது உண்மை தெரிந்தது. யுரேனசைச் சுற்றி வளையங்கள் இருந்தன!

விளக்கம் மாறியது. ஆனால் காவலூரில் எடுத்த அளவு பொய்யாகவில்லை.

நிறைவேறிய கனவு

1979-ல் உலக வானியல் சங்கத்தின் தலைவரானார் பாப்பு. அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவரே.

இந்தியாவிலேயே ஒரு பெரிய தொலைநோக்கி செய்து காவலூரில் நிறுத்த வேண்டும் என்பது அவரது கனவு. வேலையும் நடந்தது. ஆனால் அது முடிவதைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. 1982 ஆகஸ்டு 19-ந்தேதி, ஜெர்மனியில் உள்ள மியூனிக் நகரில் காலமானார். வயது 55.

1986 ஜனவரியில், 2.34 மீட்டர் அகலக் கண்ணாடி கொண்ட அந்தத் தொலைநோக்கிக்குப் பிரதமர் ராஜீவ்காந்தி பெயர் சூட்டினார்.

அந்தப் பெயர், வைணு பாப்பு.