பனிமலையைப் படம் பிடித்தவர்

இமயத்தின் உட்பகுதிகளைப் புகைப்படமாக்கி உலகுக்குக் காட்டிய முன்னோடிகளுள் முதலிடம் யாருக்கு என்று கேட்டால், சாமுவேல் போர்ன் என்றே நான் சொல்வேன். அவரை வீரர் என்றும் சொல்வேன். ஆனால் அந்த வீரத்தின் வரவு செலவுக் கணக்கை முழுமையாக எழுதிவிட வேண்டும் என்பதும் என் ஆசை.

போர்ன் 1834-இல் இங்கிலாந்தில் பிறந்தார். நாட்டிங்காம் நகர வங்கி ஒன்றில் குமாஸ்தா வேலை. ஓய்வு நேரமெல்லாம் புகைப்படக் கலை. நாளடைவில் கலை வென்றது, வேலை தோற்றது. 1863-இல் கல்கத்தாவில் வந்து இறங்கினார். அங்கிருந்து சிம்லா சென்றார். அவர் கூட்டாளிகளோடு தொடங்கிய தொழில் பின்னர் 'போர்ன் அண்டு ஷெப்பர்டு' என்று புகழ் பெற்றது. அதன் கல்கத்தா நிலையம் 2016 வரை நடந்தது.

1863, 1864, 1866 ஆகிய ஆண்டுகளில் மூன்று நெடும் பயணங்கள். முதலில் சட்லெஜ் பள்ளத்தாக்கு, அடுத்துக் காஷ்மீர், மூன்றாவதில் குலு, ஸ்பிதி வழியாகச் சென்று, கங்கை பிறக்கும் பனியாற்றையும் படம் பிடித்தார். அந்தப் பயணத்தில் 18,600 அடி உயரமுள்ள மணிரங் கணவாயில் நின்று படம் எடுத்தார். பிறகு இருபது ஆண்டுகள் வரை அந்த உயரத்தை எந்தப் புகைப்படக்காரரும் தாண்டவில்லை.

இன்று போல் பொத்தானை அழுத்தினால் போதும் என்ற காலம் அன்று அது. கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்னும் பசைக் கரைசலைப் பூசி, வெள்ளி நைட்ரேட்டில் தோய்த்து, ஈரம் உலருமுன் படம் எடுக்க வேண்டும். உடனே இருட்டுக் கூடாரத்துக்குள் புகுந்து கழுவ வேண்டும். தகடு உலர்ந்தால் படம் போயிற்று. ஆகவே பெட்டி, கண்ணாடி, மருந்து, கூடாரம் அனைத்தும் மலைக்கு மேல் போயாக வேண்டும்.

அவற்றைச் சுமந்தவர் யார்? முதல் பயணத்தில் சுமார் 30 கூலியாட்கள், காஷ்மீருக்கு 42 பேர். ஊர்த் தலைவர்களைக் கொண்டு ஆள் பிடிப்பது அக்கால வழக்கம். குளிருக்கும் பனிக்கும் அஞ்சிச் சிலர் சுமையைப் போட்டுவிட்டு ஓடினார்கள். போர்ன் தடியெடுத்துக்கொண்டு தேடிப்போய் அவர்களை அடித்தார். இது பகைவர் கட்டிய கதையன்று. லண்டன் புகைப்பட இதழில் அவரே கூச்சமின்றி எழுதியது. அப்படங்களின் அடியில் அவர் பெயர் உண்டு. அந்த மலைவாசிகளின் பெயர் ஒன்றுகூட இல்லை.

மலைமக்கள் அந்த அநீதியை என்றும் பொறுத்திருக்கவில்லை. 1921 ஜனவரியில், குமாவோன் மலைநாட்டின் பாகேசுவரத்தில், கட்டாயக் கூலிப் பதிவேடுகளை ஆற்றில் எறிந்து அம்முறைக்கு முடிவு கட்டினார்கள். போர்ன் அதைக் காணவில்லை. தாயகம் திரும்பிப் பருத்தித் தொழிலில் பொருளீட்டி, 1912-இல் அவர் மறைந்திருந்தார்.

இதனால் அவர் படங்களை வெறுக்க வேண்டுமா? வேண்டாம் என்பதே என் கருத்து. பனியின் வெண்மையும் பாறையின் கருமையும் அவர் தகடுகளில் அமைந்த அழகு பொய்யன்று. ஆயினும் நண்பர்களே, விடுமுறையில் சிம்லா பக்கம் போய்ப் படம் எடுப்பீர்களானால், உங்கள் மூட்டையைச் சுமந்து வருபவரின் பெயரைக் கேளுங்கள். படத்தின் பின்புறம் உங்கள் பெயரோடு அதையும் எழுதிவையுங்கள்.