பாலியில் கத்தும் பறவை பக்கத்துத் தீவில் ஏன் இல்லை? கடலில் கோடு போட்ட வாலஸின் கதை

இந்தோனேசியாவின் பாலி தீவு நம்மில் பலருக்கும் தெரிந்த டூரிஸ்ட் ஸ்பாட். அதற்குக் கிழக்கே அடுத்த தீவு லோம்போக். நடுவில் இருப்பது சுமார் 35 கிலோமீட்டர் கடல். ரெண்டு தீவிலும் எரிமலை மண், ஏறக்குறைய ஒரே வெயில், ஒரே மழை.

ஆனா பறவைகள் மட்டும் வேற வேற. பாலியில் ஆசியப் பறவைகள். லோம்போக்கில் ஆஸ்திரேலியப் பக்கத்துப் பறவைகள். 1856-ல் இதைக் கவனித்து, ஏன் என்று கேட்டவர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ்.

யார் இந்த வாலஸ்?

1823 ஜனவரி 8-ம் தேதி, பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் பிறந்தவர். குடும்பத்தில் பணக் கஷ்டம். 14 வயதை ஒட்டிப் பள்ளிப் படிப்பு நின்றுவிட்டது. கல்லூரிப் பக்கம் போனதே இல்லை.

அண்ணன் வில்லியமுடன் சேர்ந்து நில அளவை வேலை பார்த்தார். ஊர் ஊராகப் போய் நிலத்தை அளக்க வேண்டும், அதை வரைபடத்தில் சரியாகக் குறிக்க வேண்டும். போகிற வழியில் செடி, வண்டு என எதைப் பார்த்தாலும் சேகரிப்பார். ரெண்டு பழக்கமும் பின்னாளில் அவருக்குக் கைகொடுத்தன.

எல்லாம் எரிந்துபோன நாள்

1848-ல் நண்பர் ஹென்றி பேட்ஸுடன் அமேசான் காட்டுக்குக் கப்பல் ஏறினார். சம்பளம் கிடையாது. பறவை, பூச்சி, விலங்குகளைப் பிடித்துப் பதப்படுத்தி லண்டனுக்கு அனுப்ப வேண்டும். அங்கே ஏஜென்ட் அதை விற்றுப் பணம் அனுப்புவார். அவ்ளோதான் வருமானம்.

உதவிக்கு வந்த தம்பி ஹெர்பர்ட், 1851-ல் மஞ்சள் காய்ச்சலில் இறந்துபோனார். வயது 22. வாலஸ் அப்போது ஆற்றின் மேல்பகுதியில், வெகு தொலைவில் இருந்தார்.

1852-ல் ஊர் திரும்பும்போது, ஆகஸ்ட் 6-ம் தேதி நடுக்கடலில் கப்பல் தீப்பிடித்தது. கடைசி ஆண்டுகளில் சேர்த்த மாதிரிகளும், நாட்குறிப்புகளில் பெரும்பகுதியும் சாம்பல். கையில் மிஞ்சியது சில ஓவியங்கள் இருந்த ஒரு தகரப் பெட்டி. பத்து நாள் படகில் தத்தளித்த பிறகே வேறொரு கப்பல் காப்பாற்றியது. ஏஜென்ட் முன்கூட்டியே போட்டு வைத்திருந்த 200 பவுண்ட் இன்ஷூரன்ஸ்தான் அவரைத் தூக்கி நிறுத்தியது.

குரங்கு சொன்ன பாடம்

எரியாமல் தப்பியது அவர் கவனித்த விஷயம். அமேசான், நீக்ரோ, மதெய்ரா போன்ற பெரிய ஆறுகளின் ஒரு கரையில் வாழும் சில குரங்கினங்கள், எதிர்க்கரையில் இல்லை. ஆறே அவற்றுக்கு எல்லை.

அன்றைய அருங்காட்சியகங்களில் ஒரு குரங்கின் லேபிளில் பிரேசில், பெரு என்று பொத்தாம்பொதுவாக எழுதியிருக்கும். எந்தக் கரையில் பிடித்தது என்று எழுதாவிட்டால், எல்லை இருப்பதே தெரியாது என்பதை 1852-லேயே வாலஸ் ஒரு கட்டுரையில் சுட்டிக்காட்டினார். ஒரு உயிரினத்தின் முகவரி, அதன் பெயர் அளவுக்கே முக்கியம் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது.

கப்பல் கிடைக்காததால் கிடைத்த கண்டுபிடிப்பு

1854-ல் மறுபடியும் கிளம்பினார். இந்த முறை இன்றைய மலேசியா, இந்தோனேசியா தீவுகள். எட்டு வருடம், சுமார் 22,500 கிலோமீட்டர் பயணம், 1,25,000-க்கும் மேற்பட்ட மாதிரிகள். சரவாக்கைச் சேர்ந்த அலி என்ற இளைஞர் பெரும்பாலான நாட்கள் உடனிருந்து உதவினார்.

1856-ல் சிங்கப்பூரிலிருந்து மக்காசர் போக நேரடிக் கப்பல் கிடைக்கவில்லை. அதனால் பாலி, லோம்போக் வழியாகச் சுற்றிப் போனார். பாலியில் மரங்கொத்தி, குக்குறுவான், தூக்கணாங்குருவி என ஆசியப் பறவைகள். கடலைத் தாண்டி லோம்போக்கில் இறங்கினால், வெள்ளை காக்கட்டூ கிளிகள். மண்ணையும் சருகையும் மேடாகக் குவித்து அதற்குள் முட்டையைப் புதைக்கும் பறவைகள். நம்ம ஊர்க் காட்டில் இருக்கும் புலியின் இனம் அன்று பாலி வரைக்கும் இருந்தது. அதோடு நின்றது.

1863-ல் வெளியான வரைபடத்தில், பாலிக்கும் லோம்போக்குக்கும் நடுவே தொடங்கி, போர்னியோவுக்கும் சுலவேசிக்கும் இடையே வடக்கே செல்லும் கோடு ஒன்றை வரைந்தார். அதுதான் வாலஸ் கோடு.

காரணம் என்ன?

இன்றைய விளக்கம் இது. பனியுகத்தில் கடல்மட்டம் சுமார் 120 மீட்டர் வரை இறங்கியது. ஆழம் குறைந்த கடல் வற்றி, சுமத்ரா, ஜாவா, போர்னியோ, பாலி எல்லாம் ஆசியாவோடு ஒரே நிலமாகின. விலங்குகள் நடந்தே வந்தன. ஆனா பாலி–லோம்போக் இடையே ஆழம் 250 மீட்டருக்கும் மேல். அது மட்டும் வற்றவே இல்லை. காட்டுப் பறவைகள் பலவும் திறந்த கடலைத் தாண்டிப் பறப்பதில்லை.

வாலஸும் கடலின் ஆழத்தை வைத்தே யோசித்தார். ஆக, ஒரு விலங்கு ஓரிடத்தில் இருப்பதற்கு வெயிலும் மழையும் மட்டும் காரணமில்லை. அந்த நிலம் ஒரு காலத்தில் எதோடு ஒட்டியிருந்தது என்பதும் காரணம்.

டார்வினுக்குப் போன கடிதம்

1858-ல் காய்ச்சலில் கிடந்தபோது, சூழலுக்குப் பொருந்தியவை பிழைக்க, மற்றவை அழிவதால் உயிரினங்கள் மாறுகின்றன என்ற எண்ணம் அவருக்கு உதித்தது. எழுதி டார்வினுக்கு அனுப்பினார். பல ஆண்டுகளாக அதே முடிவை வெளியிடாமல் வைத்திருந்த டார்வின் அதிர்ந்துபோனார். ஜூலை 1-ம் தேதி லண்டனில் இருவர் எழுத்தும் ஒன்றாக வாசிக்கப்பட்டன. அடுத்த ஆண்டே டார்வின் புத்தகம் வெளியிட்டார். உலகம் அவர் பெயரையே பிடித்துக்கொண்டது. வாலஸ் பகை வளர்க்கவில்லை. 1869-ல் வெளிவந்த தன் பயண நூலை டார்வினுக்கே சமர்ப்பித்தார்.

கடைசி வரை திருத்தியவர்

1876-ல் விலங்குகளின் பரவல் பற்றி இரண்டு பெரிய தொகுதிகள் வெளியிட்டார். பறவைகளுக்காக ஏற்கெனவே ஸ்கிளேட்டர் பிரித்திருந்த ஆறு மண்டலங்களை மற்ற விலங்குகளுக்கும் விரிவாக்கினார். இந்தியா இருப்பது அதில் கீழ்த்திசை மண்டலம்.

எல்லாவற்றிலும் அவர் சரி என்று சொல்ல முடியாது. ஆவிகளோடு பேசலாம் என நம்பினார், அம்மைத் தடுப்பூசியை எதிர்த்தார். பணத்தைத் தவறாக முதலீடு செய்து இழந்தார். 1881-ல் டார்வின் முயற்சியால்தான் அரசு ஓய்வூதியம் கிடைத்தது.

சுலவேசி மட்டும் அவரைக் கடைசி வரை குழப்பியது. அங்கே ஆசியக் குரங்கும் உண்டு, ஆஸ்திரேலியப் பக்கத்துப் பை விலங்கும் உண்டு. 1910-ல், 87 வயதில், சுலவேசியை ஆசியப் பக்கம் சேர்த்துத் தன் கோட்டைத் தானே மாற்றினார்.

கண்டங்கள் நகர்கின்றன என்று வேகனர் முன்வைத்தது 1912-ல். ஆஸ்திரேலியா தெற்கிலிருந்து நகர்ந்து வந்து ஆசியாவை நெருங்கியதே இந்த ரெண்டு உலகங்களும் அருகருகே வரக் காரணம் என்பது உறுதியாக இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின. வாலஸ் 1913 நவம்பர் 7-ம் தேதி, 90 வயதில் காலமானார். அவர் சேகரித்த பறவைகளும் பூச்சிகளும் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கின்றன, பிடித்த இடத்தின் பெயரோடு.